பசும்பால் சேராத குழந்தைக்கு எந்த டெஸ்ட்? ஊசிமுனைச் சோதனை, ரத்தப் பரிசோதனை, கொடுத்துப் பார்த்தல்

பால் குடித்ததும் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்றால், பலர் நேரே லேபுக்குப் போய் ஐம்பது, அறுபது உணவுகள் கொண்ட 'அலர்ஜி பேனல்' எடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் பாலோடு கோதுமை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் பாசிட்டிவ் என்று வரும். நேற்றுவரை இட்லி சாம்பார் சாப்பிட்ட குழந்தை இன்று வெறும் கஞ்சிக்கு வந்துவிடும். கேள்வி இல்லாமல் எடுத்த டெஸ்டுக்கு இதுதான் கதி.

முதலில் பார்க்கவேண்டியது கடிகாரம். குடித்த சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், வாந்தி, இருமல், இளைப்பு வந்தால் அது ஐஜிஇ (IgE, அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) வகை அலர்ஜியாக இருக்கலாம். கீழே வரும் முதல் இரண்டு சோதனைகளும் அந்த வகைக்கு மட்டுமே. 1 முதல் 4 மணி நேரம் கழித்து அடுக்கடுக்காக வாந்தியெடுத்து, வெளுத்துத் துவண்டுபோகும் குழந்தைக்கோ, மலத்தில் ரத்தக் கீற்று வரும் குழந்தைக்கோ இவை பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும். நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பேதி வந்து தேறிய குழந்தைக்குச் சில வாரம் பால் குடித்தால் வயிறு உப்பி நீராகப் போவது லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) செரியாமை. அதற்கு அலர்ஜி டெஸ்டே வேண்டாம்.

ஊசிமுனைச் சோதனையில் முன்கையிலோ, சின்னக் குழந்தைக்கு முதுகிலோ ஒரு சொட்டு பால்புரதச் சாறு வைத்து, சுமார் 1 மி.மீ. முனையுள்ள ஊசியால் லேசாகக் குத்துவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் தடிக்கக்கூடாத உப்புநீர் ஒன்று, தடித்தே ஆகவேண்டிய ஹிஸ்டமின் ஒன்று. 15 நிமிடத்தில் உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மி.மீ. கூடுதலாகத் தடித்தால் பாசிட்டிவ். ரத்தம் எடுக்கவேண்டாம், பதில் கையோடு கிடைக்கும். பிசகுவது பெரும்பாலும் மருந்தால்: செட்ரிசின் போன்ற அலர்ஜி மருந்து கொடுத்திருந்தால் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். சளி சிரப்புக்குள் அதே வகை மருந்தான குளோர்பெனிரமின் இருப்பது பெற்றோர் கவனத்துக்கே வருவதில்லை. ஹிஸ்டமின் புள்ளியே தடிக்கவில்லை என்றால் அன்றைய நெகட்டிவ் எதுவும் செல்லாது. கடுமையான ரியாக்‌ஷன் வந்து 4 முதல் 6 வாரம் ஆகாமல் செய்தாலும் பொய் நெகட்டிவ் வரலாம்.

ரத்தத்தில் பால்-ஐஜிஇ பார்ப்பதற்கு இந்த மருந்துத் தொல்லை கிடையாது. கரப்பான் (எக்சிமா) முற்றித் தோலில் குத்த நல்ல இடமே இல்லாத குழந்தைக்கும் இதுதான் வழி. 0.35க்கு (kU/L அலகில்) மேல் போனால் லேப் பாசிட்டிவ் என்று அச்சடித்துவிடும். ஆனால் அந்த எண் உடம்பு பாலை அடையாளம் கண்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பால் குடித்தால் ரியாக்‌ஷன் வரும் என்று சொல்லவில்லை. மேலை நாட்டு ஆய்வுகளில் 2 வயதுக்குள் 5ஐத் தாண்டினால், அல்லது தோல் தடிப்பு 6 மி.மீ.க்குப் போனால், அலர்ஜி ஏறக்குறைய உறுதி என்று கண்டார்கள். நம் குழந்தைகளுக்கு அதே எண்ணை அப்படியே பொருத்த முடியாது. எண் பெரிதாக இருந்தால் ரியாக்‌ஷனும் கடுமையாக இருக்கும் என்பதும் தவறு.

அப்படியானால் எது? அனுபவமுள்ள இடம் பக்கத்தில் இருந்தால் ஊசிமுனைச் சோதனை, பாலுக்கு மட்டும். மருந்தை நிறுத்த முடியாவிட்டால் ரத்தம், அதுவும் பாலுக்கு மட்டும். சம்பவமும் சோதனையும் ஒத்துப்போனால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒத்துப்போகாதபோதுதான் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கவேண்டும். தீர்ப்பு சொல்வது இந்தச் சோதனை ஒன்றுதான். பசும்பாலில் மில்லிக்குச் சுமார் 33 மி.கி. புரதம் இருப்பதால் அளவு ஏறத்தாழ இப்படிப் போகும்: 0.1 மி.லி., 0.3, 1, 3, 9, 30, கடைசியில் 90 மி.லி. ஒவ்வொன்றுக்கும் நடுவே 20 முதல் 30 நிமிடம். முடிந்தபின் 2 மணி நேரமாவது கண்காணிப்பு. அரை நாள் போய்விடும். சளி, காய்ச்சல், இளைப்பு இருக்கும் நாளில் செய்யக்கூடாது. உடனடி ரியாக்‌ஷன் வந்த குழந்தைக்கு வீட்டில் ஒருபோதும் கூடாது. ஆஸ்பத்திரியில் கடுமையான ரியாக்‌ஷனுக்கான அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும்: கிலோவுக்கு 0.01 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். 10 கிலோ குழந்தைக்கு 1 மி.கி./மி.லி. மருந்தில் 0.1 மி.லி.

பாலை நிறுத்திப் பார்ப்பது தாமதமாக வரும் வகைக்கு உரியது. 2 முதல் 4 வாரம் நிறுத்தி, சரியானதும் திரும்பக் கொடுத்து, மறுபடி வருகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முடிந்தது. அடுக்கடுக்காக வாந்தியெடுத்த குழந்தைக்கு அந்தத் திரும்பக் கொடுப்பதும் ஆஸ்பத்திரியில்தான். பலரும் பாதியில் நின்று மாதக்கணக்கில் பாலை ஒதுக்கிவிடுகிறார்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கு இது ஆபத்து: நீண்ட நாள் விலக்கியபின் கொடுக்கும்போது முன்பு இல்லாத உடனடி ரியாக்‌ஷன் வரக்கூடும். நிறுத்தும் நாட்களில் பிஸ்கட், பால்பவுடர் கலந்த சத்துமாவு, நெய், தயிர் எல்லாமே கணக்கில் வரும். தாய்ப்பால் கொடுப்பவர் தன் சாப்பாட்டில் பாலை விலக்கவேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று அல்ல. அவற்றின் புரதம் பசும்பாலுடையதற்கு மிக நெருக்கம்.

ஐஜிஜி (IgG, ஐஜிஇ அல்லாத வேறொரு எதிர்ப்புப் புரதம்) டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள். குழந்தை அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் காட்டாது.

அலர்ஜி உறுதியானாலும் அது ஆயுள் தீர்ப்பு அல்ல. பால் அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அதே சோதனையை மறுபடி செய்து, எண் இறங்கியிருந்தால், கேக்கில் வெந்த பாலிலிருந்து தொடங்கலாமா என்று கேளுங்கள்.