பழைய வீடியோ கேம் இசையைக் கிட்டாரில் தாலாட்டாக வாசிக்க நைலான் தந்தியா, ஸ்டீல் தந்தியா?

1983-ல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியின் ஒலிச் சில்லுக்கு மொத்தம் ஐந்தே குரல்: கூர்மையாக ஒலிக்கும் இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள் (பதிவுசெய்த ஒலித்துணுக்கு). கிட்டாருக்கு மாற்றும்போது முக்கோண அலையின் பேஸை, அதாவது கீழ் ஸ்வரங்களை, கட்டைவிரல் எடுத்துக்கொள்ளும். பல்ஸ் இரண்டும் மற்ற விரல்களுக்கு. இரைச்சலை விட்டுவிடலாம், தாலாட்டுக்கு டிரம் எதற்கு?

ஸ்டீல் தந்தியில் ஸ்வரம் நீண்டு நிற்கும், மணி போல ஒலிக்கும். அழகுதான். ஆனால் வேகத்தைக் குறைத்தால் பேஸ் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பும்; உள்ளங்கையால் அடிக்கடி அமுக்க வேண்டியிருக்கும்.

நைலானில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். நகம் படாமல், ஒலித்துளைக்குப் பக்கத்தில் விரல்சதையால் மீட்டிப் பாருங்கள்: பல்ஸ் அலையின் கூர்மை கரைந்தே போகும். இதமாக வேண்டுமென்றால் என் கை நைலானுக்குத்தான் போகும். நைலான் கிட்டாரின் அகலமான கழுத்துக்கு மட்டும் விரல் பழக வேண்டும்.