வியட்நாம் இ-விசாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அம்மாவை அழைத்துக்கொண்டு வியட்நாம் கிளம்பிய அன்று, எங்கள் பயணம் செக்-இன் கவுன்ட்டரிலேயே நின்றுபோனது. அங்கிருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் அருகருகே வைத்து, பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 04/07. விசாவில் 07/04.

"தேதி மாறியிருக்கு மேடம். இதை வச்சு ஏத்த முடியாது. அங்கே இறங்கினாலும் இமிக்ரேஷன்ல திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. எங்களுக்காக மேலதிகாரியிடம் இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

தவறு மூன்று வாரங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. வியட்நாம் விசா என்று தேடியதும் முதலில் வந்த தளத்தைத் திறந்தேன். மேலே சிவப்புக் கொடி, மஞ்சள் நட்சத்திரம், தாமரைப் படம். இணைய முகவரியிலும் 'கவ்' (gov, அரசு என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துகள் நடுவில் இருந்தன. அரசுத் தளம் என்றே நம்பி ஆளுக்கு 95 டாலர் கட்டினேன். அது விளம்பரமாக மேலே வந்த இடைத்தரகர் தளம் என்பது பிறகுதான் தெரிந்தது.

உண்மையான கட்டணம் ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இ-விசா தருகிறார்கள். இந்தத் தரகர்களிடம் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. நாம் கொடுக்கும் விவரத்தை வாங்கி, அதே அரசுத் தளத்தில் மறுபடி தட்டச்சு செய்கிறார்கள், அவ்வளவுதான். தரகர் தளத்தின் படிவத்தில் மாதம் முன்னால், நாள் பின்னால். அரசுப் படிவத்தில் நாள் முன்னால். அம்மாவின் தேதி புரண்டது அங்கேதான். நான் சரியாகக் கொடுத்ததற்கு அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலே சாட்சி.

விமான நிலையத்திலிருந்து அவர்களுக்கு எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: அவசரத் திருத்தம், 180 டாலர். அவர்கள் செய்த பிழைக்கு என்னிடமே விலை கேட்டார்கள். அம்மா தள்ளுவண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, "விடும்மா, இன்னொரு தடவை போயிக்கலாம்" என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பணம் கட்டவில்லை. வீடு திரும்பி, அரசுத் தளத்தில் நானே விண்ணப்பித்தேன்; நான்காம் நாள் விசா வந்தது. டிக்கெட் பணம் போனது போனதுதான். வங்கியில் புகார் கொடுத்துப் பார்த்தேன். விசா வாங்கிக் கொடுத்ததற்கு அந்தத் தளம் ஆதாரம் காட்டிவிட்டது என்று மூடிவிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், முகவரியின் கடைசியைப் பாருங்கள். 'இவிசா டாட் கவ் டாட் விஎன்' (evisa.gov.vn) என்று முடிய வேண்டும். 'கவ்' நடுவில் வந்து 'காம்', 'ஓஆர்ஜி' என்று முடிந்தால் மூடிவிடுங்கள். அரசுத் தளத்திலும் கட்டிய பணம் திரும்ப வராது என்பதால் நிதானமாக நிரப்புங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நம்மில் பலரின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். இனிஷியலைச் சேர்க்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள்.

விசா கைக்கு வந்த அன்றே பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, நுழையும் இடம் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட உள்ளே விடமாட்டார்கள். நள்ளிரவை ஒட்டி இறங்கும் விமானம் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

ஒருவழியாக ஹோ சி மின் நகரில் இறங்கியதும் இன்னொன்று. விமான நிலைய வாசலில் தானாக வந்து பேசிய டாக்ஸிக்காரரிடம் அம்மா 5,00,000 டாங் (வியட்நாம் பணம்) தாள் ஒன்றை நீட்டினார். டாக்ஸிக்காரர் அதை வாங்கிய கையைக் கீழே இறக்கி, மறுபடி தூக்கி, 20,000 தாளைக் காட்டி "இதைத்தான் கொடுத்தீர்கள்" என்றார். இரண்டும் நீல நிறத் தாள்கள். மதிப்பில் 25 மடங்கு வித்தியாசம். அந்த நோட்டும் திரும்பவில்லை. மறுநாள் முதல் கிராப் செயலியில்தான் வண்டி பிடித்தோம். 5,00,000 தாள்களை நான் தனி உறையில் போட்டுக்கொண்டேன். கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லி, வாங்குபவர் கண் முன்னால் விரித்துக் காட்டிய பிறகே கையை விட்டேன்.