ஈப்போவா, பினாங்கா, தைப்பிங்கா: சுவர் ஓவியமும் பூங்காவும் சேர்த்து நடக்கணும்னா எது?

பள்ளி விடுமுறைக்கு அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ஒரு ஊரை நடந்தே பாக்கணும், சுவர் ஓவியம் இருக்கணும், ஆற அமர உக்கார ஒரு நல்ல பூங்காவும் இருக்கணும், இதுதான் எங்க கணக்கு. இங்க மலேசியாவுல பினாங்குத் தீவுல இருக்கிற ஜார்ஜ்டவுன், ஈப்போ, தைப்பிங்னு மூணு ஊர் பேச்சுல வந்து கடைசியில ஈப்போவுக்குத்தான் போனோம். மத்த ரெண்டுலயும் ஏற்கனவே நடந்திருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன், ஆனா ஈப்போ பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுறேன், அதை இப்பவே சொல்லிடுறேன்.

சாப்பாடும் தங்குற இடமும் மூணு ஊர்லயும் பஞ்சமில்ல. அதை விடுங்க.

ஓவியம்னு மட்டும் பாத்தா ஜார்ஜ்டவுனை யாரும் அடிச்சுக்க முடியாது. 2008ல மலாக்காவோட சேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின ஊர், 2012ல ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைஞ்ச படங்கள்தான் இந்த மோகத்தையே கிளப்பிவிட்டுச்சு. ஆர்மீனியன் தெருவுல இருக்கிற அந்த சைக்கிள் படம் எல்லாரும் பாத்திருப்பீங்க. சைக்கிள் நிஜ சைக்கிள், சுவத்தோட சேத்து மாட்டியிருக்காங்க, ஓட்டுற அக்காவும் பின்னாடி கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற தம்பியும் மட்டும்தான் பெயிண்ட். இதுபோக தெருவோட பழைய கதையை கிண்டலா சொல்ற இரும்புக்கம்பி ஓவியங்கள் 52 இருக்கு, பேர்போன செருப்பு டிசைனர் ஜிம்மி சூ செருப்பு தைக்கக் கத்துக்கிட்டதைச் சொல்றது கூட ஒன்னு இருக்கு. கம்பி வெயில்ல வெளுக்காது, மழையில உரியாது, எனக்கு அதுங்கதான் பெயிண்ட் படங்களை விட பிடிக்கும்.

அப்புறம் ஏன் பினாங்கு வேணாம்னு முடிவு பண்ணோம்னா, ஒரே காரணம் நிழல்.

இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா டிரிப் பிளான் போடுறவங்க யாரும் இதைக் கணக்குல எடுத்துக்க மாட்டேங்கிறாங்க. நம்ம தீபகற்பத்துல 1982லதான் கடிகாரத்தை அரை மணிநேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க, அதுக்கு முன்னாடியே அது சூரியனுக்கு முன்னாடிதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப சூரியன் உச்சிக்கு வர்றதே மத்தியானம் ஒன்னேகால் மணி வாக்குல. அப்ப "வெயில் தாழ்ந்ததும் போலாம்"னு நாலு மணிக்குக் கிளம்பினீங்கன்னா சூரியன் கணக்குல அது ரெண்டே முக்கால்தான், தார் ரோடு அப்பவும் கொதிச்சுக்கிட்டுதான் இருக்கும். அஞ்சரைக்குக் கிளம்பலாம்னா பல நாள் அந்த நேரத்துக்கு மழை பிடிச்சுக்கும். ஆக மிச்சம் காலைதான், விடியிறது ஏழு மணிக்குங்கிறதால பத்து பத்தரை வரைக்கும் நிம்மதியா நடக்கலாம். அந்த மூணு மணிநேரத்துல சுவரையெல்லாம் முடிச்சுட்டு, வெயில் ஏறும்போது மரத்தடிக்குப் போய்ச் சேந்துடணும். சுவர்ல ஆரம்பிச்சு மரத்துல முடியிற மாதிரி வழி அமையுதாங்கிறதுதான் என் ஒரே கேள்வி.

ஜார்ஜ்டவுன்ல அப்படி அமையல. பெரிய மரங்கள் இருக்கிற தாவரவியல் பூங்காவுக்கு பஸ்ஸோ காடியோ பிடிச்சுத்தான் போகணும். நடக்கிற தூரத்துல இருக்கிறது கோட்டைப் பக்கத்துல இருக்கிற பாடாங், அது கடலைப் பாத்த வெட்டவெளி, சாயந்தரம் காத்து வாங்க அருமையா இருக்கும், காலை பதினொரு மணிக்கு அங்க போய் நின்னா தலை காய்ஞ்சிடும். அஞ்சடியில, அதாவது கடை முன்னாடி கூரைக்குக் கீழ இருக்கிற நடைபாதையில, நிழல்லயே போயிடலாமேன்னு கேப்பீங்க. நாலு கடை தாண்டுறதுக்குள்ள ஒரு மோட்டார் சைக்கிள் நிக்கும், இல்ல சாமான் அடுக்கியிருக்கும், இறங்கி ரோட்டுல நடந்து திரும்ப ஏறணும், ஒவ்வொரு கடைக்கும் தரை வேற வேற உயரம், முட்டிவலி இருக்கிற அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனா இந்த ஏறி இறங்குறதே பெரிய வேலை. இன்னொன்னு, பினாங்கு படங்கள் கிட்டப் போய் நின்னு தொட்டு போஸ் கொடுக்கிற மாதிரி சின்னச் சின்னதா இருக்கு, அதுதான் அதோட அழகு, அதனாலதான் வரிசையும். வரிசை நிக்கிறது பெரும்பாலும் வெயில்லதான்.

ஈப்போவுல அதே சக்கரேவிச் 2014ல வரைஞ்சது வேற மாதிரி. காப்பிக் கோப்பையை வாயில வச்சுக்கிட்டிருக்கிற அந்தப் பெரியவர் ஒரு முழு சுவரையே பிடிச்சுக்கிட்டு இருக்கார், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிழல்ல நின்னே பாக்கலாம், இங்கேர்ந்து பாத்தாத்தான் முழுசா தெரியவும் செய்யும். காகித விமானத்துல பறக்கிற பிள்ளைங்களும் தலைக்கு மேல உயரத்துலதான். போட்டோ எடுக்க யாரையும் தள்ள வேண்டியதில்ல. மங்கிப்போச்சுன்னு ஒரு குறை எல்லாரும் சொல்றாங்க, உண்மைதான், வெயிலும் மழையும் மாத்தி மாத்தி அடிக்கிற ஊர்ல பெயிண்ட் எத்தனை வருஷம் தாங்கும், பளிச்சுனு இருக்கும்னு நினைச்சுப் போகாதீங்க.

வழி எப்படி அமையுதுன்னு பாருங்க. ரயில் நிலையத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம், கட்டடக் கலைஞர் ஹபக் வடிவமைச்சு 1917ல முடிச்ச கட்டடம், அதுக்கு எதிர்ல இருக்கிற சின்னப் பூங்காவுல ஊருக்கே பேர் கொடுத்த ஈப்போ மரம் நிக்குது. விஷப்பால் இருக்கிற மரம், பழங்காலத்துல அம்பு நுனியில தடவுவாங்களாம், பிள்ளைங்க அதைக் கேட்டதும் ஓவியத்தையெல்லாம் மறந்துட்டு இதையே சுத்திச் சுத்தி வந்தாங்க. அங்கேர்ந்து பர்ச் மணிக்கூண்டு, பாடாங், துன் சம்பந்தன் பேர்ல இருக்கிற தெருன்னு ஓவியங்களைப் பாத்துக்கிட்டே போயி, கிந்தா ஆத்தைத் தாண்டினா புது டவுன். அந்தப் பக்கம் ஜாலான் மஸ்ஜிட்ல எரிக் லாய் வரைஞ்ச சந்து ஒன்னு இருக்கு, மூணு இனத்து ஆளுங்களோட அன்றாட வாழ்க்கை, சுவர் சுவரா. சந்துங்கிறதால காலையில நிழல் இருக்கும். கடைசியா டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. ஈப்போவோட நாடாளுமன்ற உறுப்பினரா இருந்த வக்கீல், பிபிபிங்கிற மக்கள் முற்போக்குக் கட்சியோட தலைவர், 1969ல இறந்தவர், அதுக்கு முன்னாடி அந்தப் பூங்காவுக்கு கொரோனேஷன் பார்க்னு பேர். குளம், மரம், பிள்ளைங்க விளையாட இடம் எல்லாம் இருக்கு. ஏழரைக்குக் கிளம்பி நடுவுல பசியாறிட்டுப் போனாலும் வெயில் ஏறுற நேரத்துக்கு மரத்தடியில இருப்பீங்க. பழைய டவுன்ல இருக்கிற லோரோங் பங்ளிமாங்கிற சின்னச் சந்துப் பக்கம் எல்லாரும் போகச் சொல்வாங்க, வார இறுதியில போனா முன்னாடி போறவங்க முதுகைத்தான் பாக்கணும், நாங்க தாண்டிப் போயிட்டோம்.

தைப்பிங்கை நான் ஒதுக்கல, அது வேற வகை. ஈய லம்பமா, அதாவது ஈயச் சுரங்கமா இருந்த இடத்தை 1880கள்ல ஏரிப் பூங்காவா மாத்தினாங்க, கரையோரம் நிக்கிற தூங்குமூஞ்சி மரங்க கிளையை ரோட்டைத் தாண்டி தண்ணி வரைக்கும் சாய்ச்சிருக்கு, அந்த ரோட்டுல இப்ப காடி விடுறதில்ல. நிழல்தான் முக்கியம்னு இவ்ளோ நேரம் பேசினவன் இங்கதானே போயிருக்கணும்னு தோணும். ஆனா சுவர் ஓவியத்துக்காகவே போற அளவுக்கு அங்க என் கண்ணுல எதுவும் படல, பிள்ளைங்களுக்கு அரை நாள்ல போரடிச்சிருக்கும். வயசானவங்க மட்டும் போறதா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு தைப்பிங்தான் சொல்வேன். மழைக்குப் பேர்போன ஊர், மழை நாள்ல அங்க நான் நடந்ததில்ல, குடையோட போங்க.

கைக்குழந்தை வண்டி தள்ளிக்கிட்டு, இல்ல சக்கர நாற்காலியோட போறவங்களுக்கு என்கிட்ட அனுபவம் இல்ல, அஞ்சடி ஏத்த இறக்கத்தை வச்சுப் பாத்தா ஈப்போ பழைய டவுனும் கஷ்டம்தான்னு படுது. கோலாலம்பூர்லேர்ந்து காலை ரயில்ல போயி அன்னிக்கே நடந்துடலாம்னு நினைக்காதீங்க, போய் இறங்கும்போதே நல்ல நேரம் பாதி போயிருக்கும், முதல் நாள் சாயந்தரமே போய்த் தங்கிடுங்க.

இல்ல, பினாங்குதான் போவேன்னு முடிவா இருந்தா ஆர்மீனியன் தெருவை எட்டு மணிக்கு முன்னாடி முடிச்சுடுங்க, கம்பி ஓவியங்களைக் கடைசிக்கு வச்சுக்குங்க, அதுங்களை எதிர்ப்பக்கத்து நிழல்லேர்ந்தே படிச்சுக்கலாம்.