ஜூலை மாதக் கடல்புல்லுக்கு ஏற்ற தங்க நிற ஸ்பூன்

ஃபுளோரிடாவில் டாம்பா விரிகுடாவின் வாயில் ஃபோர்ட் டி சோட்டோ பூங்கா இருக்கிறது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மீன் பிடிப்பவன் நான். மூன்று கோடையாக அந்தக் கடல்புல் மேல் வீசிவரும் தூண்டில் இரை ஜான்சன் சில்வர் மினோ, 1/4 அவுன்ஸ், தங்க நிறம். கரண்டி போல வளைந்த உலோகத் தகட்டாலான செயற்கை இரை என்பதால் இதற்கு ஸ்பூன் என்று பெயர். பெயரில்தான் சில்வர், இந்தத் தண்ணீருக்கு நான் சொல்வது தங்க நிறம்தான்.

கோடையில் நமக்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. ஜூலையில் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். விடியும்போது முழங்கால் ஆழத்தில் நண்டும் இறாலும் தேடி மேயும் ரெட்ஃபிஷ், வெயில் ஏற ஏற ஆழமான ஓரத்துக்கு நகர்ந்துவிடும், மத்தியானமானால் இடி மின்னல் வேறு. காலையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் பாதியைக் கொக்கியில் சுற்றிய புல்லைப் பிடுங்கியே கழித்தால் வயிறு எரியாதா? உயிர் இறால் போட்டால் பின்ஃபிஷ் என்கிற சின்ன மீன்கள் கூட்டமாக வந்து கொறித்துவிட்டுப் போகும், மும்முனைக் கொக்கி வைத்த இரையென்றால் உதிர்ந்து மிதக்கும் புல்லையெல்லாம் வாரிக்கொண்டு வரும்.

இந்த ஸ்பூனில் இருப்பது ஒரே கொக்கி, தகட்டோடு பற்றவைத்தது. அதன் முனைக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி நிற்கிறது. புல் அந்தக் கம்பியில் வழுக்கிப் போய்விடும், மீன் கடிக்கும்போது மட்டும் கம்பி மடங்கிக் கொக்கி ஏறும். புதிதாக வாங்கியதும் நான் முதலில் செய்வது, கட்டைவிரலால் அந்தக் கம்பியை அழுத்திப் பார்த்து, கொக்கி முனைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி சரி செய்வதுதான். விறைப்பாக இருந்தால் கடி வீணாகும், ரொம்பத் தளர்த்தினால் புல் ஏறும்.

மடவைக் கூட்டம் துள்ளுகிற இடத்தைப் பார்த்து, அதைத் தாண்டிப் போட வேண்டும், கூட்டத்தின் தலையிலேயே போட்டால் எல்லாம் சிதறிவிடும். விழுந்ததும் ராடை, அதாவது தூண்டில் கோலைத் தூக்கிப் பிடித்து மெதுவாகச் சுற்றினால் தகடு இரண்டு பக்கமும் ஆடுவது ராட் நுனியில் துடிப்பாகத் தெரியும். அந்தத் துடிப்பு திடீரென்று நின்று, தூண்டில் நரம்பு பக்கவாட்டில் கனமாக இழுக்கும் பாருங்கள், அதற்காகத்தான் நான் நான்கு மணிக்கு எழுந்து போகிறேன். ரெட்ஃபிஷ்ஷும் புள்ளி சீட்ரௌட்டும் நம்மூர் கத்தாழை மீனின் குடும்பம்தான். ஆனால் முழங்கால் தண்ணீரில் ரெட்ஃபிஷ் ஓடும் ஓட்டம் வேற மாதிரி.

வேகமாகச் சுற்றினால் எந்த ஸ்பூனும் புரண்டு நரம்பை முறுக்கும், அதனால் நரம்பு முறுக்காமல் சுழலும் சின்ன ஸ்விவல் இணைப்பு கட்டாயம் வேண்டும். நான் 10 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), அதற்குப் பிறகு ஸ்விவல், அதிலிருந்து இரை வரை 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (கண்ணுக்குத் தெரியாத முன் நரம்பு) போடுகிறேன். கொக்கியை மாற்ற முடியாது, முனை மழுங்கினால் அரம் போட வேண்டியதுதான். உப்புத்தண்ணீர் என்பதால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். இதே வடிவத்தில் விலை குறைந்த ஒன்றை முன்பு வாங்கினேன், பெயர் வேண்டாம், இரண்டாவது வாரமே கம்பி ஒடிந்துவிட்டது. கலங்கிய தண்ணீரில் இந்த ஸ்பூனை எடுக்கவே மாட்டேன், அங்கே இழுத்தால் சத்தம் போடும் மிதவையான பாப்பிங் கார்க்தான் சரி.

இறங்குகிறவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள், திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். ரெட்ஃபிஷ் 18 முதல் 27 அங்குலத்துக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். மே முதல் ஆகஸ்ட் வரை ஸ்நூக் என்கிற மீனுக்கு இங்கே தடைக்காலம், இந்த ஸ்பூனை அதுவும் கடிக்கும், தண்ணீரைவிட்டுத் தூக்காமலே கழற்றி விட்டுவிடுங்கள், இந்தச் சூட்டில் அது ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். காற்றடிக்கும் நாளுக்கு 1/2 அவுன்ஸில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை போட்டுப் பார்க்கணும்.