வீட்டில் பிரெட் சுடுவது மலிவா? பல வருஷப் பழக்கத்தில் தெரிந்தது

பிரெட்டை வீட்டிலேயே சுட்டால் செலவு குறையுமா என்று கேட்பவர்களிடம், இப்போது எந்த பிரெட் வாங்குகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த, துண்டு போட்டு வரும் வெள்ளை பிரெட்டை அதைவிடக் குறைந்த செலவில் வீட்டில் சுடுவது கஷ்டம். முழுக்கோதுமை பிரெட், விதைகள் சேர்த்தது, மேல் ஓடு மொறுமொறுவென்று இருப்பது, சவர்டோ (ஈஸ்ட் போடாமல், புளித்த தாய்மாவால் உப்ப வைக்கும் பிரெட்) இதெல்லாம் வாங்குகிறவர் என்றால் வீட்டில் சுடுவதில் நல்ல மிச்சம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பல வருஷமாக பிரெட் என் கையால்தான். முதலில் அவன் (oven, பேக்கிங் செய்யும் மின் அடுப்பு), அப்புறம் பிசைவது முதல் சுடுவது வரை தானே செய்யும் பிரெட் மேக்கரும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் புழங்கிய பிறகு சொல்கிறேன், இந்தக் கணக்கில் மாவைவிடச் சூடுதான் முக்கியம்.

மாவுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நான் வழக்கமாகப் போடுவது 500 கிராம் மாவு, 330 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பிசைந்த மாவு 845 கிராம் வரும். சுடும்போது எட்டில் ஒரு பங்கு போல ஆவியாகப் போய்விடும், கையில் முக்கால் கிலோ பிரெட் நிற்கும். அதாவது மாவின் எடையைப்போல ஒன்றரை மடங்கு. கடையில் 400 கிராம் பாக்கெட் வாங்குகிறீர்கள் என்றால் அதற்கு ஈடாக வீட்டில் சுமார் 270 கிராம் மாவு போதும். உங்கள் ஊர் மாவு விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், பிரெட் விலையில் மாவின் பங்கு எவ்வளவு சின்னது என்று தெரியும்.

ஈஸ்ட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 7 கிராம் சின்ன பாக்கெட்டாக வாங்கினால் கிராமுக்குக் கிராம் பல மடங்கு அதிக விலை கொடுக்கிறோம். 500 கிராம் பெரிய பாக்கெட் ஒன்றில் நூறு லோஃப் (முழு பிரெட்) சுடலாம். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் வேலை செய்யும். சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சர்க்கரையோடு கரைத்து வையுங்கள், பத்து நிமிஷத்தில் நுரைத்தால் உயிரோடு இருக்கிறது. இரவு பிசைந்து காலையில் சுடுகிற பழக்கம் இருந்தால் 1 கிராம் ஈஸ்ட்டே போதும், மீதியை நேரம் பார்த்துக்கொள்ளும். ருசியும் அப்படித்தான் கூடுகிறது.

இனி சூடு. வீட்டு அவன்கள் பொதுவாக 2000 முதல் 2500 வாட் வரை இழுக்கும். முழு நேரமும் அப்படி இழுக்காது, வெப்பம் எட்டியதும் நின்று நின்று எரியும். ஆனாலும் 220 டிகிரிக்குச் சூடேற இருபது நிமிஷம், சுட முப்பத்தைந்து நிமிஷம் என்று வைத்தால், பெரிய அவனுக்கு ஒரு யூனிட்டிலிருந்து ஒன்றரை யூனிட் வரை போகும். கரண்ட் விலை அதிகமுள்ள இடத்தில் ஒரே ஒரு லோஃபுக்காக அவனைப் பற்ற வைத்தால், மாவின் விலைக்கு நிகராகக் கரண்ட் செலவு வந்து நிற்கும். நீங்களே அளந்து பார்க்கலாம். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, சுடுவதற்கு முன்னும் பின்னும் மின் மீட்டரைக் குறித்துக்கொண்டால் போதும்.

இதில் மிச்சம் பிடிக்க வழி ஒன்றுதான், அவன் சூடாக இருக்கும்போது அதை நிரப்புவது. இரண்டு லோஃபை ஒன்றாக வைத்தால் கரண்ட் இரண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம்தான் கூடும். ஆகவே ஒரு லோஃபின் மேல் விழும் செலவு ஏறக்குறைய பாதியாகிறது. நான் எப்போதும் இரண்டாகத்தான் சுடுகிறேன். ஒன்று அன்றைக்கு, இன்னொன்றை ஆறவிட்டுத் துண்டு போட்டு ஃப்ரீசரில். வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட, குச்சி வெப்பமானியை நடுவில் குத்திப் பார்ப்பது நல்லது. 95 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம், வீணாகப் பத்து நிமிஷம் எரிக்க வேண்டாம்.

பிரெட் மேக்கர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. மூன்றரை மணி நேரம் ஓடினாலும் சூடேற்றுவது கடைசி ஒரு மணி நேரம்தான், அதுவும் மெஷினுக்குள் இருக்கும் சின்ன இடத்தை. மொத்தத்தில் அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாரம் மூன்று முறை ஓட்டுகிற வீட்டில் அந்தப் பணம் திரும்பும், அலமாரி மேலே ஏறிவிடும் வீட்டில் திரும்பாது. இன்னொன்றும் உண்டு. வருஷக்கணக்கில் புழங்கினால் முதலில் தேய்வது மோட்டார் அல்ல, பாத்திரம். உள்பூச்சு போகும், மாவைப் பிசையும் துடுப்பு லோஃபுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும், அடியில் தண்டைச் சுற்றியுள்ள சீல் கசிய ஆரம்பிக்கும். மாற்றுப் பாத்திரம் கிடைக்குமா, என்ன விலை என்று மெஷினை வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள். என்னுடையதில் பாத்திரம் மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மலிவு என்று சொல்கிறேன்.

கடை வெள்ளை பிரெட் ஏன் அவ்வளவு மலிவு என்பதையும் யோசிக்க வேண்டும். 1961-இல் இங்கிலாந்தின் சார்லிவுட் என்ற ஊரில் ஒரு ஆய்வுக்கூடம் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தது. மாவை அதிவேகத்தில் சில நிமிஷம் கடைந்தெடுத்தால், மணிக்கணக்கில் புளிக்க வைக்கும் கட்டமே தேவைப்படாது. புரதம் குறைந்த மலிவான கோதுமையும் அதற்குச் சரிப்பட்டது. அதோடு ஆலை அவன் விடாமல் எரிகிறது, ஒவ்வொரு லோஃபுக்கும் புதிதாகச் சூடேற்றும் வேலை இல்லை. அந்தக் கணக்கோடு வீட்டு அவன் மோத முடியாது, மோதவும் வேண்டாம். நீளப் புளித்த, கையால் உருட்டிய பேக்கரி பிரெட்டின் விலையில் பெரும்பகுதி ஆளின் நேரம். வீட்டில் அந்த நேரம் நம்முடையது. பிசைந்து உருட்டிப் பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம், மற்றதெல்லாம் காத்திருப்பு. அந்த இருபது நிமிஷத்துக்கு நான் கூலி போடுவதில்லை. போடுகிறவர்களுக்கு எந்த வீட்டு பிரெட்டும் மலிவாகாது.

சவர்டோவில் ஈஸ்ட் செலவு இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் புளித்த தாய்மாவுக்குத் தினமும் மாவு போட்டு, மிஞ்சியதைக் கொட்டிக்கொண்டிருந்தால் அதுவே செலவு. 30 கிராம் மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும். சவர்டோ சுடுவதற்கான கனமான இரும்புப் பானையை அவனில் முக்கால் மணி நேரம் காய வைப்பதும் கரண்ட்தான். இத்தனைக்குப் பிறகும் கடை சவர்டோ விலையைப் பார்க்கும்போது, அதிக மிச்சம் தருவது இதுதான்.

எல்லாரும் விட்டுவிடுகிற செலவு ஒன்று இருக்கிறது, அது வீணாகும் பிரெட். பூஞ்சையைத் தடுக்கும் கால்சியம் புரோபியோனேட் நம் பிரெட்டில் இல்லை. வெப்பமான நாட்களில் மூன்றாம் நாளே பூஞ்சை எட்டிப் பார்க்கும். பாதி லோஃப் குப்பைக்குப் போனால் சாப்பிட்ட பாதியின் விலை இரட்டிப்பு. ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் வேகமாக இறுகி பிரெட் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டிய துண்டை மட்டும் எடுத்து நேராக டோஸ்டரில் போடுங்கள். நான் வீணாக்குவது நின்றது இந்தப் பழக்கத்தால்தான்.

வீட்டில் அவன் ஏற்கெனவே இருந்தால் ஒரு டிஜிட்டல் தராசும் ஒரு லோஃப் டின்னும் மட்டும் வாங்கித் தொடங்குங்கள். உருட்டிய மாவை வைக்கும் மூங்கில் கூடை, விதவிதமான மாவு, சுடுமுன் மாவைக் கீறும் கத்தி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரெட் மேக்கர் வாங்குவதா என்பதை, மூன்று மாதம் கையால் சுட்ட பிறகும் வாராவாரம் சுடுகிறீர்களா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.