ஈபே ஏலத்தில் பழைய வேலூர் அஞ்சலட்டைகள்: ஒன்பது வருடப் பண அனுபவம்

வேலூர் கோட்டை அகழியை நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ படமெடுத்து அச்சிட்ட ஒரு அஞ்சலட்டை. அதற்காகத்தான் 2016-ல் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். ஆறு பவுண்டுக்கு ஏலம் எடுத்தேன். இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து சாதாரணக் கவரில் கிளம்பி, நான்காவது வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. தண்ணீர் நிரம்பிய அகழி, கரையில் இரண்டு மாடுகள். பின்பக்கம் மங்கிய மையில், நான்கு மாதமாக மழையே இல்லை என்று யாரோ ஊருக்கு எழுதிய வரி.

இப்போது என்னிடம் நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் அட்டைகள் மட்டும் பதினொன்று. 1981-ல் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைக்கும் வரை, அந்தக் கோயிலில் பூசையே கிடையாது. பூசை இல்லாத காலத்துக் கோயிலைப் பார்க்க இந்த அட்டைகளை விட்டால் வேறு வழி குறைவு. சென்னையில் வீலே அண்டு க்ளைன், ஹிக்கின்பாதம்ஸ் போன்றவர்கள் அச்சிட்டதைத்தான் இங்கிருந்த வெள்ளைக்காரர்களும் ஆற்காடு மிஷன் என்ற கிறித்துவ ஊழிய அமைப்பினரும் வாங்கி வீட்டுக்கு எழுதினார்கள். அதனால் நம் ஊர் படங்கள் இன்று அவர்கள் ஊர்ப் பரண்களில் இருக்கின்றன. வாங்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

காட்பாடி, ஆரணிப் பக்கம் பழைய நாணயம், தபால்தலை சேர்க்கும் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பணம் கட்டினா பத்திரமா?" பத்திரம்தான். ஆனால் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நான் அதை விட்டுக்கொடுத்த ஒரே ஒரு தடவை அடி வாங்கினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018-ல் ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்து மிஷன் பள்ளிகளின் புகைப்பட ஆல்பம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 140 பவுண்டு வரை போய்த் தோற்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல்: "வென்றவர் பின்வாங்கிவிட்டார், அடுத்த வாய்ப்பு உங்களுக்கு." ஈபேயில் அப்படி ஒரு முறை உண்மையிலேயே உண்டு. வென்றவர் வாங்காவிட்டால் விற்பவர் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதனால் சந்தேகமே வரவில்லை. அதிலிருந்த இணைப்பை அழுத்தினேன். ஈபே மாதிரியே ஒரு பக்கம் திறந்தது. டெபிட் கார்டு எண், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் மூன்று எண்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். ஓடிபி கேட்கவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பல கேட்பதில்லை என்பதால் அதுவும் உறுத்தவில்லை.

மறுநாள் காலை காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு குறுஞ்செய்திகள். மொத்தம் பதினெட்டாயிரத்துச் சொச்சம் போயிருந்தது. பையை அங்கேயே வைத்துவிட்டு வங்கிக்குப் போன் செய்து கார்டை நிறுத்தினேன். மூன்றாவது முயற்சி அதற்குப் பிறகு வந்து தடுக்கப்பட்டது. போன பணம் திரும்பவில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வேறு யாரோ செய்த தவறால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் நாம் சொல்லிவிட்டால் நம் மேல் பொறுப்பு இல்லை. நாமே விவரத்தைக் கொடுத்துவிட்டால், வங்கியிடம் சொல்லும் வரை ஏற்படும் நட்டம் நம்முடையது. சொன்ன பிறகு நடப்பது வங்கியுடையது. அந்த ஒரு போன் எனக்கு மூன்றாவது தொகையைக் காப்பாற்றியது. இப்போது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும் இருக்கிறது. வங்கிக்குச் சொன்ன கையோடு அதற்கும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையான வாய்ப்பு என்றால், ஈபேக்குள் நாம் உள்நுழைந்து பார்க்கும் செய்திப் பெட்டியிலும் அது இருக்கும். அன்று அங்கே பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு எந்த மின்னஞ்சல் இணைப்பையும் நான் அழுத்துவதில்லை. முகவரியை நானே தட்டச்சு செய்து உள்ளே போவேன்.

கார்டையும் மாற்றினேன். சம்பளக் கணக்கின் கார்டை வெளிநாட்டுக்குப் பயன்படுத்துவதே இல்லை. குறைந்த வரம்புள்ள ஒரு கிரெடிட் கார்டு இதற்கென்றே தனியாக. 2020 முதல், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறக்கவும் மூடவும் வசதி வந்துவிட்டது. வங்கிச் செயலியில் அதைத் திறப்பேன், பணம் கட்டுவேன், உடனே மூடிவிடுவேன். இந்த வசதியும் பழக்கமும் 2018-லேயே இருந்திருந்தால் அந்த ஆல்பக் கதையே நடந்திருக்காது.

பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகக் கட்டுவது எனக்குப் பிடித்த முறை. 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனையை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டுக்குக் கட்டுவது தொடர்கிறது. விற்பவர் கையில் நம் கார்டு எண் போவதில்லை. பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் திறக்கலாம். ஆனால் ரூபாயாக மாற்றும்போது அவர்கள் விகிதத்தில் ஒரு பங்கு சேர்ந்துவிடும். பவுண்டிலேயே கட்டணம் எடுக்கும்படி மாற்றினால் நம் வங்கியின் விகிதம் வரும், அதோடு வங்கியின் வெளிநாட்டு நாணயக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் வரும். என் கார்டுக்கு இரண்டாவது வழி கொஞ்சம் மலிவு. உங்கள் கார்டுக்கு எது என்று ஒரு சின்னத் தொகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஏலம். ஈபேயில் நாம் போடுவது உச்சத்தொகை. அவ்வளவும் உடனே போய்விடாது. இங்கிலாந்துத் தளத்தில் 5 முதல் 15 பவுண்டு வரை ஐம்பது பென்ஸ் ஐம்பது பென்ஸாக ஏறும். எதிராளியின் உச்சம் 9 பவுண்டு, என்னுடையது 12.37 என்றால் 9.50-க்கு எனக்குக் கிடைக்கும். அந்த 37 பென்ஸ் எதற்கென்றால், எல்லோரும் 12 என்று முழு எண்ணில் நிறுத்துவார்கள். இருவரும் ஒரே தொகை போட்டால் முதலில் போட்டவருக்குத்தான் பொருள். இங்கிலாந்து நேரப்படி ஞாயிறு மாலை எட்டு மணிக்கு முடியும் ஏலம் நமக்கு நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. அந்த நேரத்தில் விழித்திருந்து விரலால் போட்டி போட்டால் கை நிற்காது. உச்சத்தொகையைப் பகலிலேயே, தபால் செலவையும் கூட்டிக் கணக்குப் பார்த்து, நோட்டில் எழுதிவிடுவேன். கடைசி நிமிடத்தில் அதை ஒரே தடவை போட்டுவிட்டுத் தூங்கப் போவேன்.

தேடும்போது வேலூர் என்று மட்டும் போடாதீர்கள். ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்து குறைந்தும் கூடியும் எழுதியிருப்பார்கள், "வட ஆற்காடு", "மெட்ராஸ் மாகாணம்", "தென்னிந்திய மிஷன்" என்றெல்லாம் தலைப்பு இருக்கும். எனக்கு மிக மலிவாகக் கிடைத்தவை எல்லாம் தப்பான எழுத்தில் இருந்தவைதான்.

விற்பவரின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது நூற்றுக்கு எத்தனை என்பதோடு நிற்கக் கூடாது. கடந்த ஒரு வருடத்தில் என்ன விற்றார், குறை சொன்னவர்கள் என்ன சொன்னார்கள் என்று படியுங்கள். எதையும் விற்காமல், வாங்கி மட்டுமே மதிப்பெண் சேர்த்த கணக்கும் உண்டு. பல வருடம் சும்மா கிடந்து திடீரென்று விலை உயர்ந்த கேமராக்களை அடுக்கும் கணக்கு என்றால், யாரோ அதைத் திருடியிருக்கலாம். ஒதுங்கிவிடுவேன்.

போலி ஒரு தடவை வந்தது. "1905 அசல்" என்று போட்டிருந்தார்கள், பூதக்கண்ணாடியில் பார்த்தால் வீட்டுப் பிரிண்டரின் வண்ணப் புள்ளிகள். "விவரத்துக்கு மாறான பொருள்" என்று படங்களோடு புகார் போட்டேன். பாதிப் பணம் தருகிறேன், முதலில் புகாரை மூடுங்கள் என்றார் விற்றவர். மூடவில்லை. மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. மூன்று வேலை நாள் போனதும் ஈபேயைத் தலையிடச் சொன்னேன். முழுப் பணமும் வந்தது. பொருள் வந்த நாளிலிருந்து, வராவிட்டால் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து, 30 நாள்தான் அவகாசம். அந்தத் தேதியையும் நோட்டில் எழுதுகிறேன். ஈபேக்கு வெளியே, "நேராக அனுப்பினால் விலை குறைக்கிறேன்" என்பவருக்குப் பணம் கட்டினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

தபால் விஷயம் சுருக்கமாக. பதிவுத் தபாலில் வந்தால், இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து என்று ஒரு எண் கிடைக்கும். இந்தியா போஸ்ட் தளத்திலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம். முகவரியோடு கைபேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். தனி அட்டைகளுக்கு இதுவரை என்னிடம் சுங்கம் கேட்டதில்லை. பிரேம் போட்ட ஒரு படத்துக்குக் கேட்டார்கள். பொருளின் விலையோடு தபால் செலவையும் சேர்த்துத்தான் வரி போடுகிறார்கள், அதை ஏலம் எடுக்கும் முன்பே கணக்கில் வைக்க வேண்டும். "பரிசு என்று எழுதி அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து ராக்கி, உயிர் காக்கும் மருந்து தவிர வேறெதையும் பரிசு என்று இறக்குமதி செய்யவே தடை. விலையைக் குறைத்து எழுதச் சொன்னாலும், பொருள் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைதான் நமக்கு எதிராக நிற்கும்.

எங்கள் தபால்காரருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "இன்னா சார், மறுபடியும் லண்டனா?" என்று கேட்டபடியே கவரை மடக்காமல் கொடுப்பார்.

இந்த ஞாயிறு நள்ளிரவு, வேலூர் லாங்கு பஜார் கடைத்தெருவின் அட்டை ஒன்றுக்கு ஏலம் முடிகிறது. மாட்டு வண்டிகள், ஓட்டுக் கூரைக் கடைகள், இடது ஓரத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர். நோட்டில் 14.37 என்று எழுதியிருக்கிறேன்.