'அசல் ஹிரோஷிகே' என்று விற்கிறார்களா? பிரேமைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

இணையத்தில் பழம்பொருள் விற்கும் ஒரு கடை, ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் தோக்கைதோ (எதோ-கியோத்தோ நெடுஞ்சாலை) வரிசையிலிருந்து, ஷோனோ என்ற ஊரின் மழைப் படத்தை '1833-34 அசல் அச்சு' என்று சான்றிதழோடு விற்றிருக்கிறது. பிரேமின் பின்பக்கம் முழுக்க ஸ்டிக்கர். பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டார்களாம். ஏமாற்றில் முக்கால் பங்கு அந்த நிபந்தனைதான். பிரித்ததும் உள்ளே இருந்தது, தடித்த அட்டையில் ஒட்டிய, இயந்திரத்தில் அச்சிட்ட ஆஃப்செட் பிரதி. பணம் திரும்பவில்லை. விளம்பரத்தில் இருந்த 'அசல்' பில்லில் இல்லை.

ஆஃப்செட்டைப் பிடிப்பது சுலபம். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: நிறங்கள் பொடிப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். மரக்கட்டை அச்சில் புள்ளி கிடையாது. நிறம் காகித நாரில் ஊறியிருக்கும். தாளின் முதுகில் நிறம் கசிந்திருக்கும், அச்சிடும்போது பாரென் என்ற கைத்தட்டை வைத்துத் தேய்த்த தடமும் தெரியும். புற ஊதா விளக்கில் தாள் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் அது நவீனக் காகிதம். பளிச்சிடவில்லை என்பதால் மட்டும் பழையது ஆகிவிடாது. தேநீர்க் கறை போட்டுப் பழசாக்குவதும் உண்டு. அந்தப் பழுப்பு பெரும்பாலும் தாள் முழுக்க ஒரே சீராக இருக்கும்.

உண்மையான தலைவலி, புதிதாகக் கட்டை செதுக்கி அச்சிட்ட மறுபதிப்புகள். அவை நேர்மையான வேலைதான். பலவற்றின் ஓரத்தில் பதிப்பகத்தின் குறி இருக்கும். மோசடிக்காரர்கள் அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். லென்ஸ், முதுகுத் தடம் இரண்டிலும் இவை தேறிவிடும். 'கிவாமே' என்ற வட்டத் தணிக்கை முத்திரையையும் நம்பாதீர்கள், அதையும் சேர்த்தே செதுக்குவார்கள். ஷோனோவின் முதல் பதிவுகளில் விரித்த குடைமேல் பதிப்பாளர் 'தாக்கேனோஉச்சி'யின் பெயரும் 'ஐம்பத்துமூன்று நிலைகள்' என்பதும் இருக்கும், பிந்தையவற்றில் இல்லை. மறுபதிப்பில் அதுவும் வரலாம்.

ஆகவே அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய படத்தோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள். படத்தைச் சுற்றியுள்ள சட்டக்கோட்டின் முறிவு, மழைக்கோடுகளின் முனை, மூங்கில் நிழல். ஒரே கட்டை தேயத் தேய முறிவு கூடும். பழைய பதிவில் இருக்கும் முறிவு 'பிந்தைய' பதிவில் இல்லாமல் கோடு முழுசாக இருந்தால், வேறு கட்டை என்றே சந்தேகியுங்கள்.

தொடரையும் மாற்றி விற்கிறார்கள். புகழ்பெற்ற ஹோஎய்தோ (தாக்கேனோஉச்சியின் பதிப்பகம்) பதிப்பு 55 தாள், கிடைமட்டம், சுமார் 25 × 38 செ.மீ. ஹிரோஷிகே அதே சாலைக்கு வேறு பல தொடர்களும் வரைந்தார். 1855-இல் வந்தது செங்குத்து.

கேட்க வேண்டியவை: பிரேம் இல்லாமல் முன்பக்கம், முதுகு, நான்கு ஓரம் ஆகியவற்றின் படங்கள்; எந்தப் பதிப்பு, எக்காலத்து அச்சு என்று பில்லிலேயே எழுத்தில்; பிரேமைக் கழற்றிய பிறகும் செல்லும் திருப்பும் உரிமை. வங்கிப் பரிமாற்றம் மட்டும் கேட்டால் விட்டுவிடுங்கள். கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீட்க ஒரு வழியாவது இருக்கும்.